எங்கள் ஊர்ப் பிடில் ரீச்சர்

யாழ்ப்பாணம் வலிகாமப் பகுதியில் உள்ள எங்கள் ஊருக்கு வந்து ‘பிடில் ரீச்சர் வீடு எது?’ என்று கேட்டால், ஒழுங்கையில் விளையாடும் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டும். 2023 ஆம் ஆண்டு மாசி மாதம் அவள் காலமானாள். இன்றைக்கும் அந்த வீட்டுக்கு அதுதான் பெயர். அவளுடைய சொந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. மகள் அப்படிக் கேட்டுக்கொண்டாள். ஊரிலும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் என்னைப் போல் இரண்டு மூன்று பேர்தான். படித்தவர்கள் வயலின் என்பார்கள். எங்கள் ஆச்சிமாருக்கு அது எப்போதும் பிடில். ஆகவே அவள் பிடில் ரீச்சர்.

அவள் பெயர்பெற்ற வித்துவாட்டி அல்லள். அவளுடைய வாசிப்பு இசைத்தட்டாகவோ ஒலிநாடாவாகவோ வெளிவந்ததில்லை. பத்திரிகையில் படம் வந்ததில்லை. கோயில் திருவிழாவில் பண்ணிசைக்கு, பாடசாலைப் பரிசளிப்பு விழாவில், பக்கத்து ஊர்ப் பிள்ளையின் நடன அரங்கேற்றத்தில் ஓரமாக இருந்து வாசித்தவள். அப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றி இந்தச் சஞ்சிகையில் எழுத வேண்டியதற்குக் காரணம் அவளுடைய சங்கீதம் மட்டுமல்ல. கணவரைக் காணவில்லை என்றான பின்னர் ‘மங்கலம்’ என்ற ஒரு சொல்லோடு இருபத்தாறு வருடங்கள் அவள் மல்லுக்கட்டினாள். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு அந்தச் சொல்லின் கனம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எனக்குச் சங்கீதம் வரவில்லை. அவளுக்குக் கணக்கு வரவில்லை. க.பொ.த. உயர்தரம் முடித்ததும் மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் இசைக் கல்லூரிக்குப் போனாள். 1960 இல் தொடங்கிய அந்தக் கல்லூரி 1975 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. வாய்ப்பாட்டுப் படிக்கத்தான் வீட்டில் அனுப்பினார்கள். அவளோ வயலினை எடுத்துக்கொண்டாள். வீட்டில் பெரிய சண்டை. சண்டைக்கான காரணத்தைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். கர்நாடக இசையில் வயலினை நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிப்பதில்லை. சப்பாணி கட்டி இருந்து, வலது காலைச் சற்றே முன்னுக்கு நீட்டி, வயலினின் சுருள் தலையை அந்தப் பாதத்தில் ஊன்றி, மறுமுனையை இடது தோளோடு அணைத்து வாசிப்பார்கள். ‘கோயிலில் சாமிக்கு முன்னால் ஒரு பெட்டை காலை நீட்டிக்கொண்டு இருக்கிறதோ?’ என்பது அவளுடைய அப்பம்மாவின் கேள்வி. சேலை மடிப்பை எப்படிக் காலின் மேல் விரித்தால் பாதம் தெரியாது என்று எனக்கு முன்னால் கண்ணாடி வைத்துப் பழகினாள். அப்பம்மா அடங்கினார்.

வயலின் எங்கள் வாத்தியமே அல்ல என்று சொல்பவர்களுக்கும் அவளிடம் பதில் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை எங்கள் இசைக்குக் கொண்டுவந்து இருநூறு வருடங்கள் ஆகிவிட்டன. ‘இருநூறு வருசம் ஒரு வீட்டில இருந்தால் மருமகள் எண்டு சொல்லுவினமோ, மகள் எண்டு சொல்லுவினமோ?’ என்று கேட்பாள்.

நான்கு வருடம் படித்து ‘இசைக்கலைமணி’ பட்டம் பெற்றாள். கலியாணம் 1985 இல். மாப்பிள்ளை சங்கக்கடை மனேச்சர். சங்கீதம் தெரியாத மனுசன். ஆனால் அவள் வாசிக்கும்போது விறாந்தைப் படியில் வந்து சும்மா இருப்பார். 1988 இல் மகள் பிறந்தாள்.

1990 ஆனி மாதத்தோடு ரயில் நின்றது, மின்சாரம் நின்றது. அடுத்து வந்த பொருளாதாரத் தடைக் காலத்தை மண்ணெண்ணெயையும் சவர்க்காரத்தையும் வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவள் வயலின் தந்தியை வைத்து நினைவு வைத்திருந்தாள். வயலினுக்கு நான்கு தந்திகள். அவற்றில் உச்சத் தந்தி மெல்லிய உருக்குக் கம்பி. அடிக்கடி அறுவது அதுதான். கொழும்பிலிருந்து தந்தி வர வழியில்லை. சைக்கிள் பிறேக் கேபிளைப் பிரித்து அதற்குள் இருக்கும் ஒற்றை இழையை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது. தகரத்தில் நகம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் என்று நான் சொன்னேன். ‘அறுந்து கிடக்கிறதிலும் பார்க்க இது பரவாயில்லை’ என்றாள்.

அடுத்த பிரச்சினை ரொசின். வில்லில் கட்டியிருக்கும் குதிரை மயிருக்கு இந்தப் பிசினைத் தேய்க்காவிட்டால் வில் வழுக்கிக்கொண்டு போகுமே தவிரத் தந்தி பேசாது. சாம்பிராணிக்கடையில் குங்கிலியம் வாங்கித் தேய்த்துப் பார்த்துத் தோற்றாள். கடைசியில் வழி காட்டியவர் றேடியோ திருத்தும் கடைக்காரர். ஈயம் பற்றவைக்கும்போது தொட்டுக்கொள்ளும் பழுப்பு நிறப் பிசினும் வயலின்காரர் தேய்ப்பதும் அடிப்படையில் ஒன்றே, இரண்டும் பைன் மரத்துப் பால். ஒரு கட்டியை உடைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். காசு வேண்டாம், ஒரு பாட்டு வாசித்தால் போதும் என்றாராம். கடை வாசலிலேயே இருந்து வாசித்துவிட்டு வந்தாள்.

அந்த வருடங்களில்தான் அவள் உண்மையாகப் படித்தாள் என்பது என் எண்ணம். மின்கலம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம் அல்லவா? அவளுடைய வீட்டு முற்றத்திலும் மாலையில் அது நடக்கும். ஒழுங்கைப் பெடியள் முறை வைத்துச் சுற்றுவார்கள். மற்றவர்களுக்குச் செய்தி, அவளுக்குத் திருச்சி வானொலியின் கச்சேரி. லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்று அறிவிப்பு வந்துவிட்டால் சுற்றுகிற பெடியனுக்கு வேர்வை ஓடும்வரை விடமாட்டாள். கை தளர்ந்தால் சத்தம் தேயும். ‘சுத்தடா, ராசா, இன்னும் பல்லவி முடியேல்லை’ என்று அவள் கெஞ்சுவது பக்கத்து வளவு வரை கேட்கும். அப்படி அரையும் குறையுமாகக் கேட்டதை இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் வாசித்து முழுதாக்குவாள். அன்று பெடல் சுற்றிய பெடியன்களில் ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார். அவளுடைய மரணச் செய்தி கேட்டு என்னோடு தொலைபேசியில் கதைத்தபோது அந்தக் கச்சேரிகளைப் பற்றித்தான் கதைத்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அந்த மழையில் நடந்த சனத்தில் அவளும் இருந்தாள். கணவர் சைக்கிளில் அரிசியும் மகளும். அவள் கையில் உரப்பையால் சுற்றிய வயலின் பெட்டி. ‘சட்டி பானையை விட்டிட்டு மரத்தைத் தூக்கிக்கொண்டு போறாள்’ என்று பின்னால் வந்த ஒரு பெண் ஏசியதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்களோடு ஆறு மாதம். மழையில் நனைந்ததால் வயலினின் விலாப்பக்கம் ஒட்டு விட்டிருந்தது. அங்கேயே ஒரு வயதான தச்சர் தகரப் பேணியில் வச்சிரம் காய்ச்சி ஒட்டித் தந்தார். கடையில் விற்கிற பசை போட்டால் என்ன என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் நல்ல விளக்கம்: வச்சிரம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுக்கும். வேறு பசை விட்டுக்கொடுக்காது; ஆகவே ஒட்டு விடுவதற்குப் பதிலாக மரம் வெடிக்கும்.

1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். அந்த வருட நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள். ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை சங்கக்கடைக்குச் சைக்கிளில் போன அவளுடைய கணவரும் அவர்களில் ஒருவர். ஒரு சோதனைச் சாவடியில் மறித்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். சைக்கிள்கூடத் திரும்பி வரவில்லை.

வெளியூர் வாசகிகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடத்தில் கச்சேரி என்றால் இரண்டு. ஒன்று பாட்டுக் கச்சேரி. மற்றது அரசாங்க அதிபர் இருக்கும் கந்தோர். அடுத்து வந்த ஒன்றரை வருடம் அவள் இரண்டாவது கச்சேரிக்குத்தான் அதிகம் போனாள். முகாம், மனித உரிமை அலுவலகம், செஞ்சிலுவை, கச்சேரி, மறுபடியும் முகாம். நான் படலையில் நின்று ‘இண்டைக்கு எந்தக் கச்சேரிக்கடி?’ என்று கேட்பேன். ‘சுருதி சேராத கச்சேரிக்கு’ என்று சொல்லிவிட்டுப் போவாள்.

சங்கீதக் கச்சேரிகள் தாமாகக் குறைந்தன. யாரும் வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அழைப்பு வராது; அவ்வளவுதான். ஒரு கலியாண வரவேற்புக்கு முற்பணம் கொடுத்தவர்கள் இரண்டு நாளைக்கு முன்னர் ஆள் அனுப்பி, ‘ரீச்சருக்கு இப்ப மனம் சரியிராது, கரைச்சல் குடுக்க விரும்பேல்லை, காசை வைச்சிருக்கட்டும்’ என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுடைய மனம் சரியாகத்தான் இருந்தது. அவர்களுடைய பயம் அவளுடைய நெற்றியைப் பற்றியது. காணாமற்போனவரின் மனைவி சுமங்கலியா இல்லையா என்று யாருக்கும் முடிவு சொல்லத் தெரியவில்லை. முடிவு தெரியாத இடத்தில் ஊர் எப்போதும் ஒதுக்கிவைப்பதையே தேர்ந்தெடுக்கும். இதில் ஆண்களைக் குற்றம் சொல்லி நாங்கள் தப்பிக்க முடியாது. பட்டியல் எழுதுவதும் பெயரை வெட்டுவதும் குசினிக்குள் நடக்கிற வேலை. அந்தக் காசை அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு அவளுடைய வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அவள் பொட்டை எடுக்கவில்லை. தாலியையும் கழற்றவில்லை. ‘பொட்டை அழிக்கச் சொல்லுறவை, முதலில அவர் எங்கையெண்டு சொல்லட்டும்’ என்பாள். இப்படிச் சொன்னதால் ஒரு பகுதியினர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். வேறொரு பகுதியினர் பாவம், மூளை கலங்கிவிட்டது என்றார்கள்.

வகுப்பு நடத்தித்தான் சீவிக்க வேண்டியிருந்தது. வகுப்புக்குப் பிள்ளை வருவது விசயதசமியில். ஏடு தொடக்குவது போலவே வாத்தியம் தொடக்குவதும் அன்றைக்குத்தான். குருவின் கையால் வில்லைப் பிடித்து முதல் ‘ஸ’ வாசிப்பது மங்கலமான காரியம். முன்பெல்லாம் அன்று காலை அவளுடைய விறாந்தையில் இருக்க இடம் இராது. 1996 இல் ஒருவரும் வரவில்லை. 1997 இலும் அப்படித்தான் முடியப் போகிறது என்று நினைத்தோம். பாயை விரித்து, குத்துவிளக்கேற்றி, அவலும் கடலையும் படைத்துவிட்டு, நானும் அவளும் மகளும் இருந்தோம். பத்து மணி ஆயிற்று. ‘சரி, சரஸ்வதியும் நாங்களுமா அவலைச் சாப்பிட்டு முடிப்பம்’ என்றாள்.

பதினொரு மணியளவில் படலை திறந்தது. அடுத்த குறிச்சியில் தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு பெண், ஆறு வயது மகளோடு. எறிகணையில் கணவரை இழந்தவர். வெள்ளைச் சேலையோடுதான் வந்தார். உள்ளே வரலாமா என்று படலையடியிலேயே தயங்கி நின்றார். ‘ரீச்சர், நான் வெளியில நிக்கிறன். பிள்ளையை மட்டும் எடுங்கோ’ என்றார். அவள் எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, விளக்குக்குப் பக்கத்தில் இருத்தி, பிள்ளையின் கையில் வில்லைக் கொடுத்து, அந்தக் கையின் மேல் தாயின் கையை வைத்து, இரண்டின் மேலும் தன் கையை வைத்து இழுத்தாள். நான் கேட்ட ‘ஸ’க்களில் அதைவிட மோசமான ஒன்று கிடையாது. கிறீச்சென்று கேட்டது. நாங்கள் நான்கு பேரும் அழுதோம். பிள்ளை மட்டும் கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் மூன்று பிள்ளைகள். மூவருமே தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் முட்டை, கீரை, விறகு என்று கொண்டுவந்தார்கள். ஒரே வயலினை முறை வைத்து வாசித்தார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் அந்தப் பிள்ளைகள் நல்ல புள்ளி எடுத்த பிறகே மற்றத் தாய்மார் மெல்ல மெல்லத் தலை காட்டினார்கள். சகுனத்தைப் பரீட்சைப் புள்ளி வென்றுவிடும் என்பது யாழ்ப்பாணத்தில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

மேடைக்குத் திரும்பியது 1999 இல், ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தில். நடன ஆசிரியை இவள்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார். பிள்ளையின் வீட்டார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மங்கல விளக்கு ஏற்றி முடிந்த பிறகு ரீச்சர் மேடைக்கு வரட்டும். அவள் நேரத்துக்கே போய், தன் இடத்தில் இருந்து, சுருதி சேர்க்கத் தொடங்கினாள். வீட்டுப் பெரியவர் ஒருவர் காதில் வந்து சொன்னபோது, ‘நான் விளக்கேத்த வரேல்லை, ஐயா. வாசிக்க வந்தனான். விளக்கை ஆரும் ஏத்தட்டும்’ என்று சொல்லிவிட்டுப் பிரடையைத் திருகினாளாம். அவர் போய்விட்டார். ஒரு வார்த்தைக்கு மேல் அவள் வாதாடுவதில்லை. வாதாடி வென்ற இடத்தில் சந்தோசமாக வாசிக்க முடியாது என்பது அவளுடைய கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில இடங்களில் உரத்துக் கதைத்திருந்தால் அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வழி இன்னும் அகலமாகத் திறந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் தேவதை அல்லள். முன்கோபக்காரி. சுருதி சேர்க்கவே அரை மணித்தியாலம் எடுப்பாள். பாடகர்கள் பல்லைக் கடிப்பார்கள். விரல் பிசகினால் வில்லின் தடியால் மொளியில் ஒரு தட்டு விழும். சினிமாப் பாட்டு வாசிக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பின்னர் கதவைச் சாத்திவிட்டுத் தானே அதை வாசிப்பாள். தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதில் மகா கஞ்சி.

2002 இல் சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தபோது முதல் வேலையாகக் கொழும்புக்குப் போய் ஒரு வருடத்துக்குப் போதுமான தந்தியும் ரொசினும் வாங்கிவந்தாள். 2006 இல் பாதை மறுபடியும் பூட்டப்பட்டபோது, ‘எனக்குத் தெரியும், அதுதான் பத்துச் செட் வாங்கினனான்’ என்றாள். யுத்தம் ஒரு பெண்ணுக்கு எதையெதைச் சேமிக்கக் கற்றுக்கொடுக்கிறது பாருங்கள்.

வன்னியிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 2009 இல் முல்லைத்தீவில் காயப்பட்டு, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு எங்கள் ஊரில் சிற்றன்னையிடம் வந்து சேர்ந்தவள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இடது கையில் மோதிர விரலும் சின்ன விரலும் இல்லை. வயலினில் இடது கைதான் தந்தியை அழுத்தும் கை. வகுப்பு நடப்பதைப் பார்க்க வந்து மதிலோரம் நிற்பாள். ஒரு நாள் ரீச்சர் கூப்பிட்டு இருத்தி, வயலினைப் பாதத்தில் ஊன்றிக் கொடுத்தாள். பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது.

அன்று அவள் சொல்லிக்கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நாங்கள் வயலினைக் காலில் ஊன்றி வைப்பதால் இடது கை வயலினைச் சுமக்க வேண்டியதில்லை. கை முழுக்கத் தந்தியின் மேல் வழுக்கி ஓடலாம். எங்கள் இசைக்கு வேண்டிய கமகத்தில் பெரும் பகுதி அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. அதைச் செய்வது ஆட்காட்டி விரலும் நடுவிரலும். நான்கு விரலும் உள்ளவர்கள்கூடப் பல இடங்களில் அந்த இரண்டையே ஓடவிடுகிறார்கள். ‘உனக்கு வேண்டிய ரெண்டையும் கடவுள் விட்டு வைச்சிருக்கிறார். மிச்ச ரெண்டும் வேகத்துக்குத்தான். எங்களுக்கு என்ன, ஓடிப் பிடிக்கிற விளையாட்டே?’ என்றாள். இதைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். பிள்ளையோ சிரித்தது. ஊரில் அவ்வளவு நாளும் அந்தக் கையைப் பார்த்துப் பரிதாபப்படாமல் கதைத்த முதல் ஆள் இவள்தான் போலும்.

சரளி வரிசையிலிருந்து வர்ணம் வரை வர ஐந்து வருடங்கள் பிடித்தன. சில சங்கதிகளை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. அவளும் இரண்டு விரல்களால் மட்டும் வாசித்துப் பார்த்து, எது வரும் எது வராது என்று இரவிரவாகக் கொப்பியில் எழுதி வைப்பாள். கணக்கு வராத அவள் எழுதிய அந்தக் கணக்குக் கொப்பிகள் மூன்று இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளை இன்று ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியை.

ஆவண விடயத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது இன்னும் பலருடைய பிரச்சினை. கணவர் பெயரில் வங்கியில் சிறு தொகை இருந்தது. காணியும் அவர் பெயரில். எங்கே போனாலும் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதிவுசெய்ய இடமளிக்கும் தற்காலிகச் சட்டம் ஒன்று 2010 இல் வந்தது. பலர் வேறு வழியின்றிப் பதிந்தார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். அவள் பதியவில்லை. ‘செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைச்சால், இனி அவரை ஆரும் தேடமாட்டினம்’ என்றாள். 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் ‘ஆளைக் காணவில்லை’ என்பதற்கான சான்றிதழ் வழங்க வழி செய்யப்பட்டது. மரணச் சான்றிதழ் இல்லாமலே உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும் சொத்து விடயங்களைக் கவனிக்கவும் அது இடம் தருகிறது. அதைப் பெற்றுக்கொண்டாள். கொண்டுவந்து என்னிடம் காட்டி, ‘இருபத்தொரு வருசத்துக்குப் பிறகு அரசாங்கம் என்ர பக்கம் சுருதி சேர்ந்திருக்குது’ என்றாள்.

2017 மாசி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பஸ் ஏறிப் போய்ப் பல நாட்கள் அவர்களோடு இருந்துவிட்டு வந்தாள். வயலினைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்டேன். ‘அங்கை போறது அவற்ர படத்தைப் பிடிக்க. ரெண்டு கையும் வேணும்’ என்றாள்.

இருதய வருத்தம் அவளுக்கு முன்னரே இருந்தது. மாடி ஏறக்கூடாது, மனதை அலட்டக்கூடாது என்று வைத்தியர் சொன்னதில் முதலாவதை மட்டும் கடைப்பிடித்தாள், வீட்டில் மாடி இல்லாதபடியால். 2023 மாசியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வில்லைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் நெஞ்சு நோவு வந்திருக்கிறது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. அவளுக்கு அறுபத்தைந்து வயது.

மகள் கிளிநொச்சியில் தாதியாக வேலை செய்கிறாள். அவளுக்கு வயலின் வராது. இரவோடிரவாக வந்து சேர்ந்தாள். மறுநாள் குளிப்பாட்டி உடுத்தும் நேரத்தில் அந்தப் பழைய கேள்வி மறுபடியும் எழும்பியது. கட்டியவர் இருக்கப் போகிறவளுக்குக் கூறைச் சேலையும் குங்குமமும். கட்டியவர் போனவளுக்கு அது கிடையாது. இவளுக்கு என்ன? நாலைந்து முதிய பெண்கள் ஒரு மூலையில் நின்று குசுகுசுத்தார்கள். ஒருவர் என்னைக் கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய் றங்குப்பெட்டியைத் திறந்து, 1985 ஆம் ஆண்டின் கூறைச் சேலையை எடுத்துவந்து தந்தாள். பொட்டைத் தானே வைத்தாள். கை நடுங்கியதால் கொஞ்சம் கோணிப் போயிற்று. அதைத் திருத்த யாரும் போகவில்லை.

சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடும் நேரத்தில் பழைய மாணவிகள் எட்டுப் பேர் வயலினோடு வந்து முற்றத்தில் பாய் விரித்து இருந்தார்கள். செத்த வீட்டில் பறை கேட்டிருக்கிறோம், வயலின் கேட்டதில்லை. ‘இது என்ன புதுப் பழக்கம்?’ என்று ஒருவர் எழும்பினார். பாட வந்த ஓதுவார்தான், ‘பாட்டுக்குச் சுருதி வேணும்தானே, பிள்ளையள் வாசிக்கட்டும்’ என்றார். வாசித்தார்கள். 1997 இல் கடலையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவர்களில் ஒருத்தி. அவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டு விரல்களோடு வாசித்தவளைச் சொல்லத் தேவையில்லை. பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒழுங்கை முகப்பு வரை வாசித்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார்கள். இருந்து வாசிக்கும் வாத்தியத்தை நடந்து வாசிக்க வராது. ஆகவே வெறும் கையோடு கூடப்போய் அந்த முகப்பில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

சனிக்கிழமை வகுப்பை மூன்று மாணவிகள் அதே விறாந்தையில் தொடர்ந்து நடத்துகிறார்கள். மகள் வீட்டை வாடகைக்குக் கொடுக்கவில்லை. ரீச்சரின் வயலின் அந்த இரண்டு விரல் ஆசிரியையிடம் இருக்கிறது. இந்த மாரியில் அதன் விலாப்பக்கம் பழைய இடத்திலேயே மறுபடியும் ஒட்டு விட்டுவிட்டது. ஊர்த் தச்சுப் பட்டறைகளில் விசாரித்தோம். எல்லோரும் புதிய பசையைத்தான் காட்டுகிறார்கள். வச்சிரம் காய்ச்சத் தெரிந்த ஒருவரைச் சாவகச்சேரிப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறோம்.